ஆன்டிக்கே உடம்புக்கு முடியாமல் போனால்: வீட்டு டேகேர் நடத்துபவர்களுக்கும் பெற்றோருக்கும் சில குறிப்புகள்

கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே டேகேர் நடத்த இரண்டு வகை லைசென்ஸ் தருகிறார்கள். பெரிய லைசென்ஸில் 12 குழந்தைகள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 14 வரை பார்த்துக்கொள்ளலாம். உதவிக்கு இன்னொருவர் இருந்தாக வேண்டும். சிறிய லைசென்ஸில் 6 குழந்தைகள், நிபந்தனைகளோடு 8 வரை. இதற்கு உதவியாளர் கட்டாயமில்லை. ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் சான் ஹோசேயிலும் நம் பெண்கள் பலர் இப்படித் தனி ஆளாக டேகேர் நடத்துகிறார்கள்.

லைசென்ஸ் வாங்கும் முன் 16 மணி நேரப் பயிற்சி உண்டு. குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால், அடிபட்டால், மூச்சு நின்றால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியை எடுத்த ஒரே ஆள் சமையலறைத் தரையில் மயங்கிக் கிடந்தால் என்ன ஆகும்? வீட்டில் மிச்சம் இருப்பது நாலு வயதுக்கு உட்பட்ட ஐந்தாறு பிள்ளைகள். ஆகவே அவசரத் திட்டம் ஒன்று போட்டால், அது அவர் கையைக் காலை அசைக்காமலேயே நடக்கும்படி இருக்க வேண்டும். கீழே உள்ள குறிப்புகள் அந்த ஒரே எண்ணத்தில் எழுதியவை.

1. முதல் இரண்டு நிமிடம்.

பல நேரம் மயக்கம் சொல்லாமல் வருவதில்லை. நெஞ்சை அழுத்தும், கண் இருட்டும், ஒரு கை மரத்துப்போகும், வார்த்தை குழறும். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். கையில் குழந்தை இருந்தால் முதலில் அதைத் தரையில் விடுங்கள். உடனே 911 அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிடுங்கள். பேசிக்கொண்டே மற்றதைச் செய்யலாம்: அடுப்பை அணையுங்கள், கைக்குழந்தையைத் தொட்டிலிலோ பேக் அண்ட் ப்ளேயிலோ விடுங்கள், வாசல் கதவின் பூட்டைத் திறந்துவிடுங்கள். பிறகு வாசலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நாற்காலியில் வேண்டாம். நாற்காலியிலிருந்து சாய்ந்தால் உங்களுக்கும் அடி, பக்கத்தில் தவழும் குழந்தைமேல் விழுந்தால் அதற்கும் அடி.

இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தையை இறக்கு, 911, அடுப்பு, தொட்டில், கதவு, தரை. குழந்தைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன ஒரு சாயங்காலம் ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள். கதவின் குழந்தைப்பூட்டை ஒரு கையால் திறக்க முடியவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

2. ஃபோன் உடம்பில் இருக்கட்டும்.

சார்ஜரில் செருகி மேடைமேல் வைத்த ஃபோன் விழுந்து கிடப்பவருக்கு எட்டாது. பாக்கெட் வைத்த குர்த்தியோ இடுப்புப் பையோ போதும். ஐஃபோனில் பக்கத்துப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்புத் திரை வரும். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் வரும், செட்டிங்கில் அது இயங்கும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்ததைக் கண்டுபிடித்துத் தானே உதவிக்கு அழைக்கும் கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. ஆப்பிள் வாட்சில் சீரீஸ் 4-இலிருந்து இந்த வசதி உண்டு. தனியாக டேகேர் நடத்துபவருக்கு யாராவது பிறந்தநாள் பரிசு தர நினைத்தால் இதைத் தரலாம் என்பது என் அபிப்பிராயம். அலெக்ஸாவை நம்பியிருக்க வேண்டாம். சாதாரணமாக அது 911-ஐ அழைக்காது.

ஃபோனில் மெடிக்கல் ஐடி என்ற பகுதியை நிரப்பி, பூட்டிய திரையிலும் தெரியும்படி வையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, கணவர் அல்லது அக்கா தங்கையின் எண் எல்லாம் அதில் இருக்கட்டும்.

3. 911-இல் முதலில் முகவரி.

செல்ஃபோன் அழைப்பில் இடம் தோராயமாகத்தான் தெரியலாம். லைன் அறுந்தாலும் வண்டி வந்து சேர வேண்டுமானால் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது வீட்டு எண்ணும் தெருவும் ஊரும். அடுத்து: "இது வீட்டு டேகேர். பெரியவர் நான் ஒருத்திதான். இத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள்." இதைச் சொன்னால்தான் ஆம்புலன்ஸ் மட்டும் போதாது, குழந்தைகளோடு இருக்கவும் ஆள் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும். மூன்றாவதுதான் உங்களுக்கு என்ன செய்கிறது என்பது. சொல்லி முடித்தாலும் ஃபோனை வைக்காதீர்கள்.

4. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு ஒரு அட்டை.

நிறைய வீடுகளில் ஆறு மாதத்துக்கு அம்மாவோ மாமியாரோ வந்து தங்கியிருப்பார்கள். அவர்கள் இருப்பது பெரிய பலம், ஆனால் "911-இல் இங்கிலீஷ் பேசணுமே" என்ற தயக்கத்தில் முதலில் மகனுக்கு ஃபோன் போடுவார்கள். அவர் மீட்டிங்கில் இருப்பார். 911 மையங்களில் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் ஏற்பாடு உண்டு. எந்த மொழி என்று சொன்னால் போதும்.

குளிர்சாதனப் பெட்டிமேல் தமிழ் எழுத்தில், பெரிதாக, இப்படி எழுதி ஒட்டுங்கள்: "எமர்ஜென்சி. ஆம்புலன்ஸ் ப்ளீஸ். ஒன் அடல்ட் அன்கான்ஷியஸ். ஸ்மால் சில்ட்ரன். லாங்குவேஜ் தமிழ்." அதற்குக் கீழே முகவரி, அதுவும் தமிழ் எழுத்தில், வீட்டு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக: "த்ரீ, ஃபோர், டூ, ஒன்." அம்மாவை இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பூட்டிய ஃபோனிலிருந்து அவசர அழைப்பு செய்வது எப்படி என்றும் காட்டிவையுங்கள், அழைக்காமல்.

ஒன்று நினைவிருக்கட்டும். அம்மா அவசரத்துக்குக் கைகொடுப்பவர். லைசென்ஸ் கணக்கில் உங்களுக்கு மாற்று ஆள் ஆகமாட்டார். வீட்டில் குடியிருக்கும் பெரியவர்களுக்குக் கைரேகைச் சோதனை வேண்டும். வந்து தங்குபவர்களுக்கு அது எப்போது பொருந்தும் என்று டிக்கெட் போடும்போதே உங்கள் லைசென்சிங் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

5. சாவி.

குழந்தைகள் வெளியே ஓடிவிடக் கூடாதென்று கதவை மேலேயும் கீழேயும் பூட்டியிருப்பீர்கள். சரியான காரியம்தான், ஆனால் உதவிக்கு வருபவரும் வெளியிலேயே நிற்பார். எண் போட்டுத் திறக்கும் சாவிப்பெட்டி ஒன்றை வாசலுக்கு அருகே மாட்டி, எண்ணைப் பக்கத்து வீட்டுக்கும் இரண்டு பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்.

6. தினமும் ஒரு "சாப்பிட்டாச்சு."

எல்லாவற்றிலும் பயங்கரம், யாருக்கும் தெரியாமல் விழுவது. காலை ஒன்பதரைக்கு மயங்கினால் சாயங்காலம் ஐந்தரைக்கு முதல் பெற்றோர் வரும்வரை குழந்தைகள் தனியாக இருக்க நேரலாம். இதற்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் தினமும் குறித்த நேரங்களில், பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் என்று வைத்துக்கொள்வோம், ஒரு வரி போடுங்கள். "எல்லாரும் சாப்பிட்டாச்சு", "தூங்குறாங்க", ஒரு படம், எதுவானாலும் சரி.

குழுவில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். வாரத்துக்கு ஒரு பெற்றோர் பொறுப்பு என்று பெயர் குறியுங்கள். குறித்த நேரம் தாண்டிப் பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லையென்றால் அவர் ஃபோன் செய்ய வேண்டும். எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டைக் கேட்க வேண்டும். அங்கும் ஆளில்லையென்றால் போலீஸிடம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது தடவை ஆன்டி டயப்பர் மாற்றிக்கொண்டிருப்பார். அதற்காக யாரும் சங்கடப்படக் கூடாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

7. பெற்றோரே, அந்த ஊரின் பத்து இலக்க எண் உங்களிடம் இருக்கிறதா?

வேலை சான் ஹோசேயில், டேகேர் ஃப்ரீமாண்டில் என்றால், அலுவலகத்திலிருந்து நீங்கள் அழைக்கும் 911 நீங்கள் இருக்கும் பகுதியின் மையத்துக்குத்தான் போகும். அங்கிருந்து மாற்றிவிட வேண்டும், நேரம் போகும். டேகேர் இருக்கும் ஊரின் போலீஸ், தீயணைப்பு அழைப்பு மையத்துக்குப் பத்து இலக்க எண் உண்டு. அந்த ஊர் நகராட்சியின் இணையதளத்தில் பார்த்து, டேகேர் முகவரியோடு சேர்த்து ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

8. சிவப்பு ஃபைல்.

ஃபோன் பூட்டியிருந்தால் அதில் உள்ள எண்களால் யாருக்கும் பயனில்லை. வாசல் பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், சிவப்பு நிற ஃபைல் ஒன்றை ஆணியில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் எல்.ஐ.சி. 700 படிவத்தின் நகல் (யார் அழைத்துப்போகலாம் என்ற பெயர்கள் அதில்தான் இருக்கும்), அவசரச் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் எல்.ஐ.சி. 627, உங்கள் பேரிடர்த் திட்டமான எல்.ஐ.சி. 610ஏ. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரே ஒரு தாள்: குழந்தையின் பெயர், சிறிய படம், வயது, ஒவ்வாமை, அப்பா அம்மா எண்.

அந்தப் படம் முக்கியம். முன்பின் தெரியாத போலீஸ்காரருக்கு இரண்டு வயதுப் பிள்ளைகளில் யார் ஆதிரா, யார் அனன்யா என்று எப்படித் தெரியும்? யாருக்கு நிலக்கடலை ஆகாது என்று எப்படித் தெரியும்? அன்றைக்கு வந்த குழந்தைகள் யார் யார் என்று காட்டும் வருகைத்தாளும் கூடவே இருக்கட்டும். தாத்தா வீட்டுக்குப் போன பிள்ளையை வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

9. ஓடிவருபவர் வேறு, மாற்று ஆள் வேறு.

பகலில் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பார்த்துவையுங்கள். ஓய்வு பெற்றவராக இருந்தால் நல்லது. அவர் வேலை, பெற்றோர் வரும்வரை குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் டேகேரைப் பார்த்துக்கொள்ள அவர் போதாது. அதற்குக் கைரேகைச் சோதனையும் தடுப்பூசிச் சான்றும் முடித்த மாற்று ஆள் தேவை. அப்படி ஆள் இருந்தாலும், லைசென்ஸ் பெற்றவர் வெளியே இருப்பது ஒரு நாளின் டேகேர் நேரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மாநில விதி. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரத்தில் உறவுக்காரப் பெண்ணை வைத்து முழு நாளும் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

10. நாலு வயதுக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

"ஆன்டி ஆன்டின்னு கூப்பிட்டும் ஆன்டி எழுந்திரிக்கலைன்னா என்ன செய்யணும்?" விளையாட்டாகக் கேளுங்கள். பொம்மையைப் படுக்கவைத்து நடித்துக் காட்டுங்கள். ஒன்பது, ஒன்று, ஒன்று. பழைய ஃபோனை எடுத்துப் பழக்க வேண்டாம். சிம் இல்லாத ஃபோனிலும் 911 போய்விடும். அட்டையில் வரைந்த ஃபோன் போதும். டேகேர் இருக்கும் தெருப் பெயரைப் பாட்டாக்கிவிட்டால் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தீ, பேரிடர் ஒத்திகை நடத்தத்தானே போகிறீர்கள், அதோடு இதையும் சேர்த்துவிடுங்கள்.

11. விழுந்தவரைப் பார்த்தவர் செய்ய வேண்டியது.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், காபி, சர்க்கரை எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறலாக வருகிறது என்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்துங்கள். சிபிஆர் பயிற்சி இல்லையென்றாலும் 911-இல் பேசுபவர் எண்ணிச் சொல்லிக்கொடுப்பார்.

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், பல்லுக்கிடையில் எதையும் வைக்க வேண்டாம். சுற்றியுள்ள பொருள்களையும் குழந்தைகளையும் நகர்த்திவிட்டு, நேரத்தைக் குறியுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முதல் முறை வரும் வலிப்பென்றால் ஐந்து நிமிடத்துக்குக் காத்திராமல் 911.

சர்க்கரை நோய்க்காரர் வியர்த்துக் கை நடுங்குகிறார், ஆனால் நினைவிருக்கிறது, விழுங்க முடிகிறது என்றால் அரை கப் ஜூஸ் கொடுக்கலாம். அதில் சுமார் 15 கிராம் சர்க்கரை கிடைக்கும். பதினைந்து நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, அது இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. குழந்தைகளின் ஜூஸ் அலமாரியில் இருக்கிறதே என்று இருக்காமல், உங்களுக்கென்று ஒரு டப்பாவை எட்டும் இடத்தில் வையுங்கள்.

வாய் கோணுகிறது, ஒரு பக்கக் கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய மூன்று முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால்தான் அந்தக் கேள்வி. வாட்ஸாப்பில் போட்ட "சாப்பிட்டாச்சு"வின் நேரம் அந்தக் கேள்விக்கு விடையாகலாம்.

12. "கேஸ் தொந்தரவுதான்" என்று ஒதுக்காதீர்கள்.

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி, மூச்சு வாங்குவது என்றும் வரும். நம் ஊர்க்காரர்களுக்கு இதய நோயும் சர்க்கரையும் இளம் வயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம். மவுண்டன் வியூவில் எல் கமினோ மருத்துவமனை தெற்காசியர்களுக்கென்றே ஓர் இதய மையம் நடத்துகிறது. நாள் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கி, அவர்கள் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டு, தன் மாத்திரையைத் தள்ளிப்போடும் பெண்கள் இதயப் பரிசோதனைக்கு வருடம் ஒருமுறையாவது போக வேண்டும். டேகேர் மூடும் விடுமுறைப் பட்டியலில் அந்த நாளையும் சேர்த்துப் பெற்றோருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து கணவர் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. 2024 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஏபி 716 என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காப்பீட்டு வலையமைப்பில் இல்லாத ஆம்புலன்ஸ் வந்தாலும், வலையமைப்புக்குள் இருந்தால் கட்ட வேண்டிய பங்கைத்தான் உங்களிடம் கேட்கலாம். மாநிலத்தின் மேற்பார்வையில் உள்ள காப்பீடுகளுக்குத்தான் இது. கம்பெனியே பணம் ஒதுக்கி நடத்தும் திட்டங்களுக்குப் பொருந்தாது. கணவரின் காப்பீடு எந்த வகை என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வகையாக இருந்தாலும் நெஞ்சு வலியோடு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, பின்சீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒருபோதும் கூடாது.

13. படிவத்தில் பக்கத்து ஊர்க்காரர் பெயர்.

அழைத்துப்போகும் உரிமையுள்ளவர்கள் என்ற இடத்தில் அப்பா, அம்மா, டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா என்று எழுதியிருந்தால் யார் வருவார்? இருபது நிமிடத்தில் வந்து சேரக்கூடிய இரண்டு பேராவது வேண்டும். அதே டேகேருக்குப் பிள்ளையை அனுப்பும் இன்னொரு பெற்றோரோடு ஒருவருக்கொருவர் பெயர் கொடுத்துக்கொள்வது மிகச் சுலபம். பெயர் இல்லாவிட்டால், எத்தனை பழக்கமானாலும் பிறர் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, அவர்கள் பெற்றோர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை மணிக்கு யாரோடு போனார் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

14. பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

"ஆன்டி தூங்கிட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றிரவு பிள்ளை தூங்கப் பயப்படும். "ஆன்டிக்கு உடம்பு சரியில்லை, டாக்டர்கிட்ட போயிருக்காங்க, நீ ஒண்ணும் தப்பு பண்ணலை." கடைசி வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ஆன்டி சொன்ன பேச்சைத் தான் கேட்காததால்தான் அவர் விழுந்தார் என்று மூன்று வயதுக் குழந்தை நம்பும். ஒரு வாரத்துக்கு அதையே திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்ப அதே பதிலைச் சொல்லுங்கள். ஆன்டிக்கு ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்லலாம்.

15. லைசென்சிங் அலுவலகத்துக்கு.

குழந்தைகளின் பாதுகாப்பைப் பாதித்த சம்பவத்தை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் ஃபோனிலும், ஏழு நாளுக்குள் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். படிவம் எல்.ஐ.சி. 624பி. ஆஸ்பத்திரியில் இருப்பவரால் இதைச் செய்ய முடியாது. கணவரோ பெரிய பிள்ளையோ செய்யும்படி அந்தப் படிவத்தின் வெற்று நகலும் அலுவலக எண்ணும் சிவப்பு ஃபைலில் இருக்கட்டும். மறைத்தால்தான் தொல்லை.

16. வருமானம்.

சொந்தத் தொழில் செய்பவருக்கு மாநில ஊனக் காப்பீடு தானாகக் கிடைக்காது. விரும்பிப் பணம் கட்டிச் சேரும் திட்டம் ஒன்றை மாநில வேலைவாய்ப்புத் துறையான இ.டி.டி. வைத்திருக்கிறது, ஆரோக்கியமாக இருக்கும்போதே விசாரியுங்கள். மூடியிருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, எத்தனை நாள்வரை என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால் முதல் ஒரு வாரத்துக்குப் பெற்றோர் கட்டணத்தை நிறுத்தக் கூடாது. பணம் நிற்கும் என்ற பயம்தான் பலரை வலியோடு வேலை பார்க்கவைக்கிறது.

17. திரும்ப ஆரம்பிக்கும்போது.

"வேலைக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னால் என்ன வேலை என்று அவருக்குச் சொல்லுங்கள். ஒரு வயதுக் குழந்தை சுமார் 20 பவுண்டு. அதை ஒரு நாளில் முப்பது தடவை தூக்க வேண்டியிருக்கும். எத்தனை பவுண்டுவரை தூக்கலாம், வண்டி ஓட்டலாமா, தனியாக இருக்கலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். புது மாத்திரைகள் குழந்தைக்கு எட்டாத, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும், கைப்பையில் வேண்டாம். ஃபோனின் மெடிக்கல் ஐடியில் மருந்துப் பட்டியலை மாற்றிவிட்டு, பெரிய பிள்ளைகள் மூன்று பேரோடு அரை நாள் நடத்திப் பாருங்கள். கைக்குழந்தைகள் அடுத்த வாரம் வரட்டும்.